பாடியவர் ஒருவர், உரியவர் ஒருவர்

அமெரிக்காவின் 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' ஹார்டு ராக் இசைக்குழுவின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு 2004 மார்ச்சில் வெளியானது. 1993-க்குப் பிறகு அக்குழுவின் புதிய ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் வரவில்லை. 'சைனீஸ் டெமாக்ரசி' ஆண்டுக்கணக்கில் தாமதமானதால், கெஃபன் நிறுவனம் பழைய பாடல்களைத் திரட்டிச் சந்தைப்படுத்தியது.

இதனைத் தடுக்கப் பாடகர் ஆக்சல் ரோஸ், குழுவிலிருந்து விலகிவிட்ட ஸ்லாஷ், டஃப் மெக்கேகன் ஆகியோர் நீதிமன்றத்தை நாடினர். தடை கிடைக்கவில்லை. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தையும், அமெரிக்காவில் மூன்றாம் இடத்தையும் தொகுப்பு எட்டியது.

நிறுவனத்தின் கணக்கு எளிதானது. ஒலிப்பதிவுச் செலவு முன்பே முடிந்துவிட்டது, புதிய பாடல் ஒன்றுகூட இல்லாததால் கூடுதல் முதலீடு சொற்பம், வருவாயோ புதியது.

தொகுப்பிலுள்ள 14 பாடல்களில் 5 பிறர் இயற்றியவை. பாப் டிலான் பாடலும் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடலும் அவற்றுள் அடங்கும். ஒலிப்பதிவின் உரிமை வேறு, பாடலின் உரிமை வேறு. எனவே, அந்த ஐந்துக்கும் இயற்றியவருக்குரிய உரிமத்தொகை குழுவினரைச் சேராது. எவை இடம்பெற வேண்டும் என்ற தேர்வு, புகழை மட்டுமன்றி வருமானத்தையும் பங்கிடுகிறது.

'சைனீஸ் டெமாக்ரசி' 2008-இல்தான் வெளிவந்தது. அதற்குள் பழைய பாடல்கள் நிறுவனத்துக்குப் பொருள் ஈட்டித் தந்துவிட்டன. பேரம்பேசும் வலிமை மிகக் குறைவாக இருக்கும் இளமையில் கலைஞன் இடும் கையொப்பமே, புகழ் வந்த பிறகும் அவனுடைய படைப்பின் மீது அதிகாரம் செலுத்துகிறது.