தீட்டும் தொற்றும்: பெரியம்மை வரலாற்றிலிருந்து

புதிய வைரஸ் ஒன்றின் பெயர் செய்தியில் அடிபட்டதும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது எப்படிப் பரவும்? நாம் அஞ்ச வேண்டுமா? முதல் கேள்விக்கு மருத்துவர்கள் விடை சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்வியில் வரும் அந்த 'நாம்' யார் என்பதை வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது. அதற்குப் பெரியம்மையை எடுத்துக்கொள்வோம்.

பெரியம்மை தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் இறந்தனர். பிழைத்தவர்களுக்கு முகவடு, சிலருக்குப் பார்வையே போனது. வைரஸ் உடலில் புகுந்தபின் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்கள் எந்த அறிகுறியும் இருக்காது. அந்நாட்களில் பிறருக்குப் பரவவும் செய்யாது. பிறகு காய்ச்சல், அதன்பின் கொப்புளம். கொப்புளம் எழும்பிய முதல் வாரம்தான் மிக ஆபத்தானது. நோயாளியின் முகத்தருகே நெடுநேரம் இருந்தவரை மூச்சு வழியாகத் தொற்றியது. சீழும் பொருக்கும் படிந்த துணி, பாய், போர்வை வழியாகவும் தொற்றியது. கொசுவோ எலியோ இடையில் இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே வந்த நோய் இது.

மூச்சுக்கு அருகே இருந்தவர்கள் வீட்டுப் பெண்கள். துணிக்கு அருகே இருந்தவர்கள் யார்? ஊரின் துணியை வண்ணார் வெளுத்தார். சேரியின் துணியை, தலித்துகளுக்கும் கீழே வைக்கப்பட்ட புதிரை வண்ணார் வெளுத்தார். பிணத்துக்கு அருகே வெட்டியான் நின்றார். தீட்டைச் சுமக்க ஊர் யாரை நிறுத்தியதோ, அவர்களே தொற்றையும் சுமக்க நின்றார்கள். ஐரோப்பாவில் சலவைத் தொழிலாளர்கள் அழுக்குத் துணியிலிருந்து பெரியம்மை கண்டது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது.

1796இல் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு தடுப்புமுறை கண்டார். 1802இல் அது பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்குக் குத்தப்பட்டது. வெயிலில் கெடாமல் அந்தப் பாலைக் கொண்டுசெல்வது பெரும்பாடு. ஆகவே ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டாம் நாள் வாக்கில் அந்தக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். குழந்தையின் கையே மருந்துக்குப்பி ஆனது. அப்படிப் பால் சுமந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பலர். அந்தப் பாலைத் தம் பிள்ளைகளுக்கு ஏற்ற உயர்சாதியினர் மறுத்தனர். கொல்லும் வைரஸைவிடக் காக்கும் பாலிலிருந்த 'தீட்டு' அவர்களை அதிகம் அச்சுறுத்தியது.

ஏழைத் தாய்மாரும் எதிர்த்தார்கள். ஆனால் தம் பிள்ளையின் ஆறாத புண்ணை ஊருக்காகக் கீறுவதைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். இவ்விரண்டையும் 'மக்களின் அறியாமை' என்று ஒரே சொல்லில் அடக்கும் வரலாற்றை நாம் ஏற்க வேண்டியதில்லை. பின்னர் கன்றின் தோலிலிருந்து பால் எடுக்கும் முறை வந்தது. 1899இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையம் அப்படித்தான் அம்மைப்பால் தயாரித்தது.

அதே காலத்தில் சித்த மருத்துவரும் 'தமிழன்' இதழாசிரியருமான அயோத்திதாசப் பண்டிதர், அம்மனைச் சினம் கொண்டு நோய் தரும் தெய்வமாகக் காணவில்லை. வேம்பின் மருத்துவத்தைச் சொன்ன பௌத்தப் பெண்துறவியாக வாசித்தார். வேம்பு பெரியம்மையைக் குணப்படுத்தாது என்பது வேறு விஷயம். நோயைத் தண்டனை என்பதிலிருந்து பிரித்து, பராமரிப்பு என்பதோடு சேர்த்ததே அவர் வாசிப்பின் வலு என்று நாம் கருதுகிறோம்.

1974இல் பீகார் உள்ளிட்ட பகுதிகளில் பெரியம்மை கடுமையாகப் பரவி, ஐந்தே மாதங்களில் இந்தியாவில் 15,000 பேருக்கு மேல் இறந்தனர். வீடு வீடாகச் சென்று நோயாளியைக் கண்டுபிடித்து, தனியே வைத்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். அடுத்த ஆண்டே இந்தியாவில் அது நின்றது. 1977இல் சோமாலியாவில் கடைசியாக இயற்கையில் தொற்றியது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் ஒழிப்பை அறிவித்தது. அந்தத் தனிமைக்கு ஒரு கெடு இருந்தது: பொருக்கு முழுவதும் உதிரும் நாள். சேரியின் தனிமைக்குக் கெடு வைத்தவர் எவரும் இல்லை. 2020இல் 'சமூக விலகல்' என்ற சொல் வந்தபோது நம்மில் பலர் துணுக்குற்றது இதனால்தான். இருமுபவரிடமிருந்து விலகி நிற்பதை நாம் எதிர்க்கவில்லை.

1980க்கு முன் பிறந்த நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் கையில் அம்மைத் தழும்பு இன்னும் இருக்கிறது. மாணவர்கள் அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்: அம்மை கண்ட வீட்டுத் துணியை யார் எடுத்துப் போனார்கள்? அவர்களுக்கு யாராவது வந்து அம்மை குத்தினார்களா? அவர்கள் வீட்டில் யார் யார் செத்துப் போனார்கள்?