கொழுந்துச் சாக்கும் தொங்கு கதிரையும்

சுவிஸில் இருக்கும் மருமகன் கார்த்திகை மாதத்து மழை நாளொன்றில் அழைத்தான். கிளிநொச்சியை அடுத்த எங்கள் தருமபுரத்தில் அன்று விடியற்காலையிலிருந்தே அடைமழை. ஒழுங்கை முழுக்க வெள்ளம். "மாமா, மாசியில பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு. பனிச்சறுக்குக்கு ஒரு கிழமை மலையில நிக்கப் போறம். அம்மாவும் அந்த நேரம் இங்க நிப்பா. ஆனா கதிரையில தொங்கமாட்டன் எண்டு இப்பவே சொல்லிப்போட்டா. எந்த மலைக்குப் போகலாம் எண்டு நீங்கள் ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ" என்றான்.

அவன் அனுப்பிய படத்தில், மலைச்சரிவின் மேலே ஒரு தடித்த கம்பி ஓடியது. அதில் வரிசையாகக் கதிரைகள் தொங்கின. ஆட்கள் காலில் நீளப் பலகையோடு அவற்றில் இருந்தார்கள். கால்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெகு ஆழத்தில் பனிதான் தெரிந்தது.

அவன் அம்மா, என் அக்கா, அடுத்த வளவில்தான் இருக்கிறார். அறுபத்தெட்டு வயது. அவரிடமே போய்க் கேட்டேன். "அதுல சாக்கத்தான தம்பி மாட்டி அனுப்புவாங்க. மனுசர ஏத்துவாங்களா?" என்றார்.

அந்தக் கேள்வியைப் பயம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

வன்னியில் உயரம் என்றால் குளக்கட்டுத்தான். இரணைமடுக் கட்டில் ஏறி நின்றால் வயல் முடியும் எல்லைவரை தெரியும். அதைவிட உயரமாகக் கிளிநொச்சியில் நின்றது தண்ணீர்த் தாங்கி ஒன்று. போர் முடிந்து 2010இல் நாங்கள் மீள்குடியேறி வந்தபோது அதுவும் கண்டி வீதியோரம் சரிந்து கிடந்தது. இந்தத் தட்டை நிலத்தில் பிறந்தவர்களுக்கு மலைக்கம்பி தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நாங்கள் இங்கே பிறந்தவர்கள் இல்லை. 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு, மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு, ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு படங்குகளோடும் வவுனியாவில் வந்து இறங்கியவர்கள். அப்போது எனக்குப் பதினாறு வயது, அக்காவுக்கு இருபது. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் தொடங்கிய காந்தியம் இயக்கம் அந்த நாட்களில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வன்னியில் காணி காட்டிக் குடியிருத்திக்கொண்டிருந்தது. (இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவரை நினைக்காமல் எங்கள் ஊர்களின் கதையை எழுத எனக்கு மனம் வராது.) தருமபுரம், மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் இன்றும் வயதானவர்கள் கொழுந்து, லயம், ஸ்டோர் என்று மலைப் பேச்சிலேதான் பேசுவார்கள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம்.

எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் பள்ளத்தில் இருந்தது. உச்சி மலையில் பறித்த கொழுந்தைத் தலையில் சுமந்து இறக்கினால் அரை நாள் போய்விடும். கொழுந்தும் வெந்து சிவந்துவிடும். அதனால் துரைமார் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு கம்பி கட்டியிருந்தார்கள். நிறுவை முடிந்த சாக்கை உருளையுள்ள கொக்கியில் மாட்டித் தள்ளிவிட்டால், அது தன் பாரத்திலேயே வழுக்கிக்கொண்டு கீழே போகும். இயந்திரம் கிடையாது. கீழே சாக்கை வாங்கி இறக்கும் ஆட்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். கம்பி பாடும் சத்தத்தைக் கேட்டே பாரச் சாக்கா, ஈரச் சாக்கா என்று சொல்லுவார்.

ஆட்கள் கம்பியில் தொங்கக்கூடாது. அது தோட்டத்தின் கண்டிப்பான கட்டளை. அக்காவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன வழியில், நடுவானில் ஒரு சாக்கு கொக்கியிலிருந்து கழன்று ஓடைக்குள் விழுந்ததைக் கண்டார். பாறையில் பட்டு வெடித்துக் கொழுந்து பச்சையாய்ச் சிதறியதாம். யாருக்கும் அடியில்லை. கணக்கப்பிள்ளை வந்து ஏசினார், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை அந்தச் சாக்கின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்துவிட்டது.

அக்கா சொன்னது வரலாற்றின்படியும் சரி. மலையில் கட்டிய கயிறு சாமானுக்காகத்தான் பிறந்தது. 1644இல் டான்சிக் நகரில் வீபே ஆடம் என்ற பொறியாளர், கோட்டை மதில் கட்டுவதற்காக ஒரு குன்றின் மண்ணைக் கயிற்றில் தொங்கவிட்ட கூடைகளில் ஆற்றைத் தாண்டி அனுப்பினார். சணல் கயிறு நைந்துபோகும் என்ற குறை தீர்ந்தது 1834இல். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் அல்பர்ட் என்பவர் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் ஆக்கினார். அதன்பின் சுரங்கம், கல்குவாரி, தோட்டம் என்று எங்கும் கம்பிவடம் போய்ச் சேர்ந்தது. மூணாறுக்கு மேலே டொப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு போடிநாயக்கனூருக்குப் போயின. பெட்டிக்குத்தான் அந்த வழி. அதைச் சுமந்து ஏற்றிய ஆட்கள் நடந்தே இறங்கினார்கள்.

மனிதனைக் கதிரையில் வைத்துக் கொக்கியில் மாட்டிய கதை 1936இல் அமெரிக்காவில் நடந்தது. யூனியன் பசிபிக் என்ற ரயில் கொம்பனி, பனிக்காலத்தில் ஆட்களை ரயிலில் ஏற்றுவதற்காகவே ஐடஹோ மாநிலத்தில் சன் வலி என்ற பனிச்சறுக்கு ஊரைக் கட்டியது. அதன் தலைவர் அவரெல் ஹரிமன். சறுக்கி இறங்கியவர்களைத் திரும்ப மேலே கொண்டுபோக ஒரு வழி வேண்டியிருந்தது. கொம்பனியின் பொறியாளர்களில் ஒருவரான ஜிம் கரன், முன்பு வெப்ப நாடுகளின் துறைமுகங்களில் வாழைக்குலை ஏற்றும் பொறிகளில் வேலை செய்தவர். ஓடிக்கொண்டே இருக்கும் கம்பியில் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு குலை. குலை நசுங்காமல் கப்பலுக்குள் போய்விடும். கரன் குலையின் இடத்தில் ஒரு கதிரையை வைத்து வரைந்தார். மேலதிகாரிகள் சிலர் இது ஆபத்து என்று அந்த வரைபடத்தைத் தள்ளிவைத்தார்கள். அவர் மற்ற வரைபடங்களுக்கு நடுவில் அதையும் சேர்த்து அனுப்பி ஏற்கச் செய்தார்.

பிறகு ஒமாகா நகரத்து ரயில் முற்றத்தில் பரிசோதனை. அங்கே மலையும் இல்லை, பனியும் இல்லை. ஒரு லொறியின் பக்கவாட்டில் கதிரையைக் கட்டி, நிற்கும் ஆளைப் பின்னாலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போனால் எவ்வளவு வேகம் உடம்பு தாங்கும் என்று பார்த்தார்கள். பனிக்குப் பதிலாக எண்ணெய் ஊற்றிய வைக்கோலில் பலகை மாட்டி நின்றார்கள். அது சரிவராமல், காலில் உருளைச் சப்பாத்து கட்டிக்கொண்டு சீமெந்துத் தரையில் நின்றார்கள். மணிக்கு நான்கு, ஐந்து மைல் வேகம் போதும் என்ற முடிவுக்கு வந்தது அப்படித்தான். அந்த ஆண்டு டிசம்பரில் சன் வலி திறந்தபோது, உலகின் முதல் தொங்கு கதிரைகள் ஓடத் தொடங்கின.

தேயிலைச் சாக்கு, தேயிலைப் பெட்டி, வாழைக்குலை, அதன்பின் மனிதன். அக்காவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "நாஞ் சொன்னேன்ல" என்றார்.

இந்தக் கதிரைகளில் ஒவ்வொரு குளிர்காலமும் கணக்கில்லாத மக்கள் ஏறி இறங்குகிறார்கள். அக்காவுக்காக அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் பயப்படுகிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உயரம் ஒன்று. நிற்காமல் வரும் கதிரையில் சரியான கணத்தில் இருந்துவிட வேண்டும் என்ற பதற்றம் இன்னொன்று. நடுவழியில் நின்று காற்றில் ஆடும்போது எப்போது நகரும் என்று தெரியாத நிமிடங்கள். முடிவில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எழும்பி விலகுவது. 1980களிலிருந்து பரவிய புதுவகைக் கதிரைகள், நிலையத்துக்குள் வரும்போது வேகமான வடத்திலிருந்து கழன்று நடை வேகத்துக்கு வந்துவிடும். ஏறுவது இறங்குவது பற்றிய பயத்துக்கு அது மருந்து. வடத்தோடு இறுகப் பூட்டிய பழைய கதிரை என்றால், வேகத்தைக் குறைக்கச் சொல்லி இயக்குபவரிடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. உயரப் பயத்துக்கு மூடிய பெட்டி ஓரளவு உதவும். அக்காவின் பயம் இவை எதிலும் அடங்காது. கொக்கி கழலும் என்பதுதான் அவருடைய பயம். கண்ணாடிப் பெட்டியும் கொக்கியில்தானே தொங்குகிறது!

இதை நான் பழனியில் கண்டேன். 2014இல் இருவரும் போயிருந்தோம், போர்க்காலத்து நேர்த்திக்கடன். மலையேறப் பழனியில் நான்கு வழி உண்டு: படி, யானைப்பாதை, 1966இல் தொடங்கிய விஞ்ச், 2004 நவம்பரில் வந்த ரோப்கார். ரோப்கார் மூன்று நிமிடம்தான், வரிசையும் அன்று குறைவு. நான்கு பேர் இருக்கும் பெட்டிகள் தலைக்கு மேலே போவதை அக்கா நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் விஞ்ச் நிலையத்தை நோக்கி நடந்துவிட்டார். அங்கே குனிந்து, சில்லு தண்டவாளத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அதுவும் கம்பிவடம் இழுக்கும் வண்டிதான், செங்குத்தாகத்தான் ஏறுகிறது. என் கையைக்கூட அவர் பிடிக்கவில்லை. முருகனைப் பார்த்துவிட்டு யானைப்பாதையால் நடந்து இறங்கினோம்.

தண்டவாளத்தின்மேல் அக்காவுக்கு இருக்கும் நம்பிக்கைக்கும் ஒரு காரணம் உண்டு. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. பிறகு வன்னியில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பங்கர்களுக்குக் கூரையாயின. எங்கள் வளவுப் பங்கரின் மேலே இரண்டு தண்டவாளத் துண்டுகள் குறுக்கே கிடந்தன. அதன்மேல் மண்மூட்டை. ஷெல் விழும் இரவுகளில் அக்கா மகனை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரும்பைப் பார்த்தபடி இருப்பார். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்த அன்று, நிலையத்துக்கு வந்து புதுத் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். ரயிலையே காணாமல் வளர்ந்த அந்த மகன்தான் இப்போது சுவிஸிலிருந்து கேட்கிறான்.

அவனுக்கு என் பதில் ஒரு வரிதான்: கயிறு வருவதற்கு முன் ரயில் ஏறிய மலையைத் தேடு.

அப்படிப்பட்ட மலைகள் சுவிஸில் தாராளம். 1871 மே மாதத்தில், நிக்லவுஸ் றிக்கன்பாக் என்பவர் லூசர்ன் ஏரிக்கரையில் உள்ள விட்ஸ்நவ் ஊரிலிருந்து றிகி மலைக்கு ரயில் விட்டார். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த மூன்றாவது இரும்பு. வண்டியின் பற்சில்லு அதைக் கவ்விக்கொண்டு ஏறும், வழுக்காது. ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் அது. நம்மவர்களுக்கு இந்த முறை புதிதில்லை. ஊட்டி ரயிலில் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் 1899 முதல் பற்கள்தான் வண்டியைக் காக்கின்றன. அந்த முறையை வகுத்த றோமன் அப்த் ஒரு சுவிஸ்காரர், பழைய எஞ்சின்கள் பலவும் சுவிஸின் வின்டர்தூர் நகரில் செய்தவை. எங்கள் மலையக ரயிலுக்குப் பல் இல்லை. அது வளைந்து வளைந்தே பட்டிப்பொலவின் 1898 மீற்றர் உயரத்தை எட்டுகிறது.

றிகியின் உச்சி 1800 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நுவரெலியாவைவிடத் தணிவு, மூச்சுத் திணறாது. ஆனால் பிள்ளைகளுக்குச் சறுக்குவதற்கு அது சிறிய மலை. செர்மாட் ஊரிலிருந்து 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் ரயில் 3089 மீற்றர்வரை போகும். இலங்கையின் உச்சியான பிதுருதலாகலை 2524 மீற்றர்தான். அறுபத்தெட்டு வயது நெஞ்சுக்கு அந்த உயரத்தை நான் சொல்லமாட்டேன். நம் நாட்டவரும் இந்தியர்களும் கூட்டமாகப் போகும் டிட்லிஸ் மலைக்கு உச்சிவரை கம்பிதான், கடைசிப் பெட்டி போகும்போதே சுற்றவும் செய்யும். அது வேண்டாம்.

வெங்கன்தான் என் தெரிவு. லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கிலிருந்து ரயிலில்தான் அந்த ஊருக்குப் போகவேண்டும். கார் போக வீதி இல்லை. அதே பற்சக்கர ரயில் மேலே ஏறி, 2061 மீற்றரில் உள்ள கிளைன ஷைடெக் கணவாயில் கொண்டுபோய் விடும். அந்தப் பாதை 1893இல் திறந்தது, முதல் தொங்கு கதிரைக்கு நாற்பத்துமூன்று ஆண்டுகள் முன்பு. அந்த ஊருக்குப் பனிச்சறுக்கு பிறகுதான் வந்தது. ரயில் ஏற்கெனவே அங்கே இருந்ததால் சறுக்குபவர்கள் அதையே ஏணியாக்கிக்கொண்டார்கள். 1930 முதல் நடக்கும் புகழ்பெற்ற லௌபர்ஹோர்ன் போட்டியும் அங்கேதான். பிள்ளைகள் கணவாயிலிருந்து சறுக்கி வெங்கனுக்கு வந்து, மறுபடி ரயிலேறி மேலே போகலாம். வேண்டுமென்றால் அவர்கள் கதிரையிலும் தொங்கட்டும். அக்கா நிலையத்தருகே வெயிலில் இருந்து தேநீர் குடிப்பார். எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று கட்டாயம் கேட்பார்.

மருமகன் வெங்கனில் அறை எடுத்துவிட்டான். அக்காவிடம் ரயிலின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்து, நடுவில் இருந்த பல்லிரும்பை விரலால் தொட்டு, "இது போதும்" என்றார்.

பெற்றோரைப் பனிமலைக்குக் கூட்டிப்போக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: அறைக்குக் காசு கட்டுவதற்கு முன், அந்த மலைக்கு ரயில் ஏறுகிறதா என்று பாருங்கள். அதற்கும் முன், அவர்கள் கம்பியில் எதைக் கண்டார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.