லேசரிலிருந்து விரல் நுனிக்கு

1960இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியரானார் ஹெர்மன் ஹாகென். அமெரிக்காவில் முதல் லேசர் ஒளிர்ந்ததும் அதே ஆண்டுதான்.

லேசரில் ஒரு விந்தை உண்டு. ஆற்றல் குறைவாக இருக்கும்வரை அணுக்கள் தத்தம் இஷ்டத்துக்கு ஒளியை உமிழும். ஒரு வரம்பைத் தாண்டியதும், யாரும் ஏவாமலே எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். இதே கணக்கு திரவங்களுக்கும் வேதிவினைகளுக்கும் உயிர்களுக்கும் பொருந்துமா? இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்த துறைக்கு ‘சினர்ஜெடிக்ஸ்’ என்று பெயர் வைத்தார் ஹாகென். 1972இல் பவேரியாவின் எல்மாவ் மாளிகையில் அதற்கென முதல் மாநாடு கூடியது.

சினர்ஜெடிக்ஸின் அடுத்த பாய்ச்சல் விரல்களில்.

இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் சேர்ந்தாற்போல் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் என ஆட்டி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அவை தாமாகவே மாறிக்கொள்ளும்: இரண்டும் ஒருசேர உள்ளே வரும், ஒருசேர வெளியே போகும். மூளை அறிவியலாளர் ஸ்காட் கெல்சோ சோதனையில் கண்ட இந்தத் திடீர் மாற்றத்துக்கு, அவரும் ஹாகெனும் பன்ஸ் என்ற ஆய்வாளரும் 1985இல் சமன்பாடு எழுதினார்கள். அதே ஆண்டு ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில் சிக்கலான அமைப்புகளுக்கான மையத்தைத் தொடங்கினார் கெல்சோ. இயற்பியலும் கணிதமும் மூளை அறிவியலும் அங்கே ஒரே கூரைக்குள் வந்தன.