வாய் வறட்சி: காரணங்களும் சிகிச்சையும்

வாயை ஈரமாக வைத்திருக்கத் தேவையான அளவு உமிழ்நீர் இல்லாத நிலையே வாய் வறட்சி எனப்படுகிறது. இது தனி நோயன்று. பெரும்பாலும் வேறொரு நோயின் அறிகுறி அல்லது உட்கொள்ளும் மருந்தின் பக்கவிளைவு. காதின் முன்புறம், கீழ்த்தாடையின் அடியில், நாக்கின் அடியில் என அமைந்த மூன்று இணைச் சுரப்பிகளும் வாயெங்கும் உள்ள நுண்சுரப்பிகளும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 0.5 முதல் 1.5 லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன.

தாகமும் வாய் வறட்சியும் ஒன்றல்ல. தண்ணீர் அருந்தினால் தாகம் தணியும். வறட்சியோ சில நிமிடங்களில் மீண்டும் தோன்றும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுதல், தண்ணீரின்றி ரொட்டியை விழுங்க இயலாமை, சிறிது காரத்திற்கே எரிச்சல், சுவை குறைதல், நன்கு பொருந்தியிருந்த பல்செட் கழலுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். முதியவர் போதிய தண்ணீர் குடிப்பதில்லை என்று வீட்டார் கடிந்துகொள்வதுண்டு. பல வேளைகளில் குறை தண்ணீரில் இல்லை, மாத்திரையில் உள்ளது.

மருந்துகளே முதன்மைக் காரணம்

சளி, அரிப்பு ஆகியவற்றுக்கான குளோர்பெனிரமைன், அடிக்கடி சிறுநீர் கழிப்பதைக் குறைக்கும் ஆக்ஸிபியூட்டினின், நடுக்குவாதத்திற்கும் மனநல மருந்துகளின் பக்கவிளைவுகளுக்கும் தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில் ஆகியவை உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைப்பவை. சிறுநீரைப் பெருக்கும் 'நீர் மாத்திரை'யாலும் வறட்சி ஏற்படலாம். சர்க்கரை நோயாளிக்குக் கால் எரிச்சலுக்காக இரவில் தரப்படும் அமிட்ரிப்டிலின் குறிப்பிடத்தக்கது. அவருக்கு உயர்ந்த சர்க்கரையாலும் வறட்சி வரும், அதன் விளைவான கால் எரிச்சலுக்கு உண்ணும் மாத்திரையாலும் வரும்.

இதற்காக எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. மனநல மாத்திரையை நிறுத்துவதால் நோய் திரும்பக்கூடும். அந்த இழப்பு வறட்சியைவிடப் பெரிது. மருந்துக் கடையில் நேரடியாக வாங்கியவை உட்பட, உண்ணும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அளவைக் குறைப்பதோ மாற்று மருந்து தருவதோ பல நேரங்களில் இயலும். வாய் வறட்சிக்கு இதைவிடப் பயனுள்ள பரிசோதனை அரிது என்பதே எமது கருத்து.

பிற காரணங்கள்

வறட்சியோடு அடிக்கடி சிறுநீர் கழிதல், உடல் எடை குறைதல் இருந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். இவற்றோடு வாந்தி, வேகமான மூச்சு அல்லது மயக்க நிலை இருந்தால் தாமதமின்றி 108 ஊர்தியை அழைக்கவும். கண்களிலும் மணல் உறுத்துவது போன்ற வறட்சி, மூட்டு வலி ஆகியவை சேர்ந்திருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோயாக இருக்கலாம். இது பெண்களிடம் மிகுதி. மூக்கடைப்பால் வாய்வழி மூச்சு விடுதலும் புகையிலையும் வறட்சியை மிகுவிக்கும்.

பற்களைக் காத்தல்

உணவுக்குப் பின் வாயில் உண்டாகும் அமிலத்தை மட்டுப்படுத்துவது உமிழ்நீரே. அது குறையும்போது ஈறையொட்டிய வேர்ப்பகுதியில் சொத்தை விரைந்து பரவும். உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைவதால் இரவில் பல் துலக்குவதைத் தவிர்க்கலாகாது. ஃபுளோரைடு கலந்த பற்பசையைப் பயன்படுத்தவும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளில் வாழ்வோர் இதற்குத் தயங்கலாம். பற்பசை துப்பப்படுவது, விழுங்கப்படுவதன்று. பெரியவர்கள் பயன்படுத்தத் தடையில்லை. உமிழ்நீர் ஊற வேண்டும் என்பதற்காக எலுமிச்சையையோ புளிப்பு மிட்டாயையோ நாள் முழுவதும் சுவைப்பது பல்லின் மேற்பூச்சை அரித்துவிடும்.

சிகிச்சை

சிறிது சிறிதாகத் தண்ணீர் அருந்துதல், சர்க்கரையற்ற சூயிங்கம் மெல்லுதல், குழைந்த சோறு, கஞ்சி, மோர் போன்ற ஈரமான உணவு ஆகியவை உதவும். ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவியைத் தவிர்க்கவும். இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்காகத் தண்ணீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் வறட்சிக்காக அதை மீறக் கூடாது. வாயைக் கொப்பளித்துத் துப்புவது போதும். செயற்கை உமிழ்நீர்த் திரவம் அல்லது களிம்பு சில மணி நேரம் இதமளிக்கும். சுரப்பிகளைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை, சுரப்பித் திசு ஓரளவேனும் எஞ்சியுள்ளோருக்கே பயன்படும்; கட்டுப்படாத ஆஸ்துமா, குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளோருக்கு அது ஆகாது.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறவிருப்போர் சிகிச்சை தொடங்கும் முன்பே பல் மருத்துவரைச் சந்திக்க வேண்டும். காக்க இயலாத பற்களை அப்போதே அகற்றி, புண் ஆறிய பின் கதிர்வீச்சு தொடங்கப்படும். கதிர்வீச்சுக்குப் பின் பல்லைப் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் சிதையக்கூடும். ஆகவே ஆண்டுகள் பல கடந்தாலும், எந்தப் பல் மருத்துவரிடமும் முதலில் இச்செய்தியைச் சொல்லுங்கள்.

படுக்கையில் உள்ளோரைப் பராமரிப்போருக்கு

விழுங்க இயலாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, நனைத்துப் பிழிந்த துணியால் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் துடைக்கவும். பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் இட்டு வைக்கவும். துடைத்தால் அகலும் வெண்படலம் காணப்பட்டால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருத்துவர் தரும் குளோட்ரிமசோல் திரவத்தைச் சொன்ன நாட்கள் முழுவதும் தடவுங்கள். பல்செட்டையும் சேர்த்துத் தூய்மை செய்யாவிடில் தொற்று திரும்ப வரும்.