ஓட்டுச் சில்லும் ஊர்விலக்கும்

பண்டைய கிரேக்க வரலாற்றை ஒரு பாடமாகக் கற்கத் தொடங்கிய முதலாம் வருடத்தில், ‘ஒஸ்திரசிசம்’ என்னும் சொல்லின் எதிரே எனது குறிப்புப் புத்தகத்தில் ‘ஊர்விலக்கு’ என எழுதிக்கொண்டேன். ஆங்கில அகராதி அச்சொல்லுக்கு ஒருவரைச் சமூகம் ஒதுக்கித் தனிமைப்படுத்துதல் என்றே பொருள் கூறியது. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்த எனக்கு அப்பொருளை உணர்த்த வேறு சொல் தேட வேண்டியிருக்கவில்லை. ஏதென்ஸ் நகரத்தின் வரலாற்றைச் சற்று ஆழமாகக் கற்றபோதுதான் அம்மொழிபெயர்ப்புப் பிழையானது என்பது புலனாயிற்று. பிழை சொல்லளவில் நின்றிருப்பின் திருத்திவிட்டு அப்பாற் சென்றிருப்பேன். ஒரு மனிதனைப் பிரித்துவைப்பதற்கு இரு சமூகங்கள் கையாண்ட இருவேறு முறைகளை அது ஒன்றெனக் காட்டிவிட்டது என்பதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

கிரேக்க மொழியில் ‘ஒஸ்திரக்கோன்’ என்பது உடைந்த மட்கலத்தின் துண்டைக் குறிக்கும். சிப்பி, ஆமை முதலியவற்றின் மேலோட்டுக்கும் அதுவே பெயர். தமிழில் ‘ஓடு’ என்னும் சொல்லும் மண்ணோட்டையும் ஆமையோட்டையும் ஒருங்கே குறிப்பது நோக்கற்பாலது. (தமிழகத்தார் வாக்கினை ‘ஓட்டு’ என வழங்குவதைக் கொண்டு இங்கு ஓர் ஒற்றுமை காண விழைவோர் இருக்கலாம். அது ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஓசை ஒப்புமையன்றி வேறில்லை.) எழுதுதாளான பப்பைரஸ் எகிப்திலிருந்து வரவேண்டிய விலையுயர்ந்த பொருள். உடைந்த சட்டிபானையோ தெருவெங்கும் கிடந்தது. அதில் ஒரு பெயரைக் கீறி வாக்களித்தமையால் அவ்வழக்கத்திற்கு ஓட்டின் பெயரே நிலைத்தது.

இச்சட்டத்தை ஆக்கியவர் கிளைஸ்தனிஸ் என்பது அரிஸ்தோத்திலின் பெயரால் வழங்கும் ‘ஏதேனியர் அரசியலமைப்பு’ என்னும் நூல் தரும் செய்தியாகும். அவரது சீர்திருத்தங்கள் கி.மு. 508 அளவில் நிகழ்ந்தவை. கொடுங்கோலர் ஆட்சி நீங்கிச் சில ஆண்டுகளே கழிந்திருந்த அந்நகரத்தில், தனியொருவர் மீண்டும் தலையெடுத்துவிடுவார் என்ற அச்சம் இயல்பானதே. ஆண்டின் பத்துப் பகுதிகளுள் ஆறாவது பகுதியில், இவ்வாண்டு ஓட்டு வாக்கெடுப்பு வேண்டுமா என்று மட்டும் மக்கட்சபையிற் கேட்கப்படும். எவர் பெயரும் கூறப்படாது. வேண்டுமெனின், ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து எட்டாவது பகுதியில் சந்தைவெளியில் வாக்கெடுப்பு நிகழும். ஆறாயிரம் ஓடுகள் சேர்ந்தாலே அது செல்லும். அவ்வெண்ணிக்கை மொத்த ஓடுகளைக் குறிப்பதா, ஒருவருக்கு எதிரானவற்றை மட்டும் குறிப்பதா என்பதிற் பண்டைய ஆசிரியர்களே முரண்படுகின்றனர். மிகுதியான ஓடுகளைப் பெற்றவர் பத்து நாட்களுள் நாட்டைவிட்டு நீங்க வேண்டும். பத்து ஆண்டுகள் திரும்பலாகாது.

அவ்வளவுதான் தண்டனை, அதனைத் தண்டனை என்று கூறுவது பொருந்துமாயின். அவரது காணி பூமி அவருக்கே உரியது. அதன் வருமானம் வெளிநாட்டிலும் அவரைச் சேரும். குடும்பத்தார் நகரிலேயே வாழலாம். குடியுரிமை போகாது. மானமிழப்பைக் குறிக்க ஏதேனியரிடம் ‘அத்திமியா’ என்னும் வேறொரு சொல் இருந்தது. குடியுரிமைகளைப் பறிக்கும் தண்டனை அது. ஓட்டு விலக்குப் பெற்றவருக்கு அச்சொல் உரியதன்று. மறுபுறத்தில், அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லையாகையால் மறுமொழி கூறவும் அவருக்கு இடமில்லை. இதனை நீதியென்று நான் வாதிட வரவில்லை. பெண்களும் அடிமைகளும் அயல்நாட்டுக் குடியிருப்பாளரும் வாக்கற்றிருந்த நகரம் அது.

முதலில் விலக்கப்பட்டவர், பழைய கொடுங்கோலர் குடும்பத்தின் உறவினரான ஹிப்பார்க்கஸ், ஆண்டு கி.மு. 487. அடுத்த ஆண்டில் மெகாக்கிளிஸ், கி.மு. 484இல் பெரிக்கிளிஸின் தந்தை சந்திப்பஸ், கி.மு. 482இல் அரிஸ்தைடிஸ் என வரிசை நீண்டது. எழுதத் தெரியாத நாட்டவன் ஒருவன், அரிஸ்தைடிஸை யாரென்று அறியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி அவர் பெயரைக் கீறும்படி கேட்டான் என்பது புளூட்டார்க் கூறும் கதை. அவர் உமக்குச் செய்த தீங்கு யாதென வினவியபோது, எங்கும் அவரை நீதிமான் என்று புகழக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம். புளூட்டார்க் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னர் வாழ்ந்தவராதலின் இதனை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எனினும் பொறாமையும் வாக்களிக்கும் என்பதைக் கிரேக்கர் அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கதை சான்று.

நூல்களைவிட நம்பத்தக்க சான்று ஓடுகளே. 1937இல் அக்குறோப்பொலிஸ் குன்றின் வடசாரலில் ஒரு கிணற்றிலிருந்து தெமிஸ்தொக்கிளிஸின் பெயர் பொறித்த ஏறக்குறைய 190 ஓடுகள் கிடைத்தன. எழுத்தை ஆராய்ந்தபோது அவை யாவும் பதினான்கு பேரளவினரின் கையெழுத்தே எனத் தெரிந்தது. முன்னரே எழுதிவைத்து வாக்காளரிடம் வழங்குவதற்கென ஆயத்தம் செய்யப்பட்டவை போலும்! தேர்தல் துண்டுப்பிரசுரம் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. 1960களில் கெரமெய்க்கோஸ் பகுதியிற் கிடைத்த ஓடுகள் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை மெகாக்கிளிஸின் பெயரைத் தாங்கியவை. சிலவற்றிற் பெயருடன் வசையும் உண்டு. என்னைப் பெரிதும் கவர்ந்தது, மனிதர் எவரையும் குறிக்காது ‘பசி’ என்று எழுதப்பட்ட ஓடு. பசியைப் பத்தாண்டுக்கு நாடு கடத்த விரும்பிய அவ்வேழையின் வாக்கு எண்ணிக்கையிற் சேர்ந்திராது.

விலக்கு மீளக்கூடியது என்பதை கி.மு. 480 காட்டிற்று. பாரசீகப் படை வந்தபோது ஏதென்ஸ் தான் விலக்கியோரைக் கெடு முடியுமுன்னரே திருப்பி அழைத்தது. அரிஸ்தைடிஸ் அடுத்த ஆண்டு பிளத்தீயாப் போரில் ஏதேனியப் படைக்குத் தலைமை தாங்கினார். சந்திப்பஸ் மிக்காலேயில் கடற்படையை நடத்தினார். எல்லோருக்கும் இவ்வாறு வாய்த்ததெனக் கூறவியலாது. தெமிஸ்தொக்கிளிஸ் விலக்கப்பட்டு அயலில் வாழ்கையில் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, முடிவில் பாரசீக மன்னனிடமே புகலடைந்தார். கி.மு. 417க்கும் 415க்கும் இடையில், போட்டியாளரான நிக்கியாஸும் அல்கிபியாடிஸும் தம் ஆதரவாளரை ஒன்றுகூட்டி ஹைப்பர்போலஸ் என்பவரை வெளியேற்றினர். அதன்பின் எவரும் விலக்கப்பட்டதில்லை. வேண்டுமா என்னும் வினா மட்டும் அரிஸ்தோத்தில் காலம்வரை ஆண்டுதோறும் கேட்கப்பட்டு வந்தது.

வழக்கம் மறைந்தபின் சொல் பிரயாணஞ் செய்தது. இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டளவிலேயே சமூகம் ஒருவரைப் புறக்கணித்தல் என்னும் பொதுப்பொருளைப் பெற்றுவிட்டது. இன்று பாடசாலையில் ஒரு பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் விளையாடாதிருப்பதற்கும் அச்சொல்லே வழங்குகின்றது. ஓடும் போயிற்று, எண்ணிக்கையும் போயிற்று. எல்லாவற்றினும் மேலாகக் கெடு போயிற்று.

எமது ஊர்விலக்கு இந்தப் பிந்திய பொருளுக்கே உரியது. எனது அம்மம்மா சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு வீடு விலக்கி வைக்கப்பட்டிருந்ததாம். மகன் ஊர் ஒப்பாத இடத்திற் கலியாணஞ் செய்தமையே காரணம். கூட்டம் கூடித் தீர்மானித்ததாக எவரும் சொல்வதில்லை. “அவையோடை எங்களுக்குப் பேச்சுப் பறைச்சல் இல்லை” என்ற ஒரு வாக்கியம் வீடு வீடாகச் சென்றது, அவ்வளவே. நன்மை தின்மைக்கு ஒருவரும் போகவில்லை. குடிமக்கள் எனப்பட்ட சலவைத் தொழிலாளரும் சவரத் தொழிலாளரும் அங்கு செல்லாதவாறு தடுக்கப்பட்டனர். தாமே கோயிலுக்கும் கிணற்றுக்கும் புறம்பாக்கப்பட்டிருந்த மக்களைக் கருவியாகக் கொண்டு இன்னொரு வீட்டைப் புறம்பாக்கியமை, நமது சமூக வரலாற்று மாணவர் தனித்து ஆராய வேண்டியதொன்று. அவ்வீட்டுப் பெரியவர் இறந்தபோது வெள்ளை கட்ட ஆளில்லை. பாடையை அயலூரிலிருந்து வந்த உறவினரே தூக்கிச் சென்றனர்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கோயில் முதலிய பொதுவிடங்களிலிருந்து தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆயின் பேசாதிருப்பதைச் சட்டத்தாற் குற்றமாக்குவது எளிதன்று. ஏதேனியன் தான் பெற்ற ஓடுகளை எண்ணிப்பார்க்கலாம். திரும்பும் நாளையும் எண்ணலாம். ஒழுங்கை முடிவில் இருந்தவர்களுக்கு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அந்த விலக்கு எப்போது நீங்கியது என்று அம்மம்மாவிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “நீங்கினதெண்டு ஒண்டுமில்லை, மோனை. அவை வீட்டை வித்துப்போட்டுப் போட்டினம்” என்றார்.

குறிப்புப் புத்தகத்தில் ‘ஊர்விலக்கு’ என்பதை வெட்டிவிட்டு ‘கெடு விலக்கு’ என இப்போது எழுதியிருக்கிறேன். அது செவிக்கு இனிய சொல்லன்று. இதனினும் பொருத்தமானதை அறிந்தோர் கூறுவராயின் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.