திரண்ட அதிகாரமும் பிரிந்த பொறுப்பும்: சென்னை மாநகராட்சியின் சுற்றுச்சூழல் நலப் பணிகள், ஒரு வரலாற்று ஆய்வு

சென்னையில் வீட்டுக் குழாயில் சாக்கடை வாடையோடு தண்ணீர் வந்தால் குடிநீர் வாரியத்தில் புகார் செய்ய வேண்டும். அதைக் குடித்தவருக்கு வயிற்றுப்போக்கு கண்டால் மாநகராட்சியின் சுகாதாரத் துறை வரும். தெருமுனை உணவகத்தில் கெட்டுப்போன இறைச்சி விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். பின்தெருப் பட்டறையின் புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இவற்றில் பெரும்பாலானவை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் ஒரே கூரையின்கீழ் இருந்தன. அந்தப் பொறுப்புகள் அங்கே எப்படித் திரண்டன, பின்னர் எப்படிப் பிரிந்தன, பிரிந்ததால் சுகாதார அலுவலருக்கு என்ன மிஞ்சியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஊர் மக்களின் நலனுக்காகத் தொடங்கிய பணி இது என்று எண்ணிவிடக் கூடாது. 1688இல் தொடங்கப்பட்ட மாநகராட்சி, தெருக் கூட்டுவதையும் வரி வாங்குவதையும் ஓரளவு செய்துவந்தது. தண்ணீர் விஷயத்தில் முதலில் கவனம் பெற்றது செயின்ட் ஜார்ஜ் கோட்டைதான். 1772இல் பெத்துநாயக்கன்பேட்டையின் வடக்கே கிணறுகள் வெட்டிக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஏழுகிணறு என்ற பெயர் இன்றும் அந்தப் பகுதிக்கு நிற்கிறது. ஏறக்குறைய நூறாண்டு கழித்தும் அதே மனநிலை தொடர்ந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவில் பிரிட்டிஷ் படையை நிரந்தரமாகப் பெருக்கிவைக்க வேண்டிய நிலை வந்தபோது, சிப்பாய்கள் போரில் சாவதைவிட நோயில் சாவதே அதிகம் என்பது லண்டனை உறுத்தியது. 1859இல் அமைந்த அரச ஆணையம் 1863இல் அறிக்கை தந்தது. ஆயிரம் பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அந்த ஆணையத்தின் வினாக்களுக்குப் படைப் பாளையங்களிலிருந்து வந்த விடைகளைத் தொகுத்து, தண்ணீரும் வடிகாலும் கழிவும்தான் குற்றவாளிகள் என்று எழுதினார். மறு ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைக்கப்பட்டன. பாளையத்தைச் சுத்தமாக வைத்தால் போதாது, அதை ஒட்டிய கடைத்தெருவும் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற வாதத்தின் வழியாகத்தான் ஊருக்குள் சுகாதாரம் நுழைந்தது.

அன்றைய மருத்துவம் நோயை நாற்றத்தில் தேடியது. அழுகும் பொருளிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் காரணம் என்று நம்பப்பட்டது. கோட்பாடு பிழைதான்; ஆனால் செய்யச் சொன்ன வேலை பெரும்பாலும் சரியாக இருந்தது. சாக்கடையை ஓடவிடு, குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோ, இறைச்சிக் கூடத்தைத் தள்ளிவை என்றது. 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த மண்வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் நகருக்குள் இறங்கியது. வடிகட்டாத தண்ணீர். வாய்க்காலில் மாடு இறங்கலாம், துணி துவைக்கலாம். ஆனாலும் வீட்டுக் கிணறும் கோயில் குளமுமே கதி என்றிருந்த நகருக்கு அது பெரிய மாற்றம்.

இந்தக் காலத்தின் மிக முக்கியமான ஆள் டபிள்யூ. ஆர். கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த அவரே 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அறிக்கையையும் எழுதினார். தலைகளை எண்ணாமல் சாவு விகிதத்தைக் கணிக்க முடியாது என்பதால், பொது நலமும் புள்ளிவிவரமும் இங்கே ஒரே கையில் பிறந்தன. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்காரர்களின் கூலியில் தானியத்தை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தபோது, அந்த அளவில் உழைக்கும் உடல் பிழைக்காது என்று எதிர்த்து வாதாடியவரும் கார்னிஷ்தான். அரசாங்கத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டே, சாவுக் கணக்கைக் காட்டி அரசாங்கத்தை எதிர்க்க முடியும் என்பதை அவர் நிறுவினார். இந்தப் பதவியின் பிற்கால வாரிசுகளிடம் அந்தத் துணிவு அடிக்கடி தென்படவில்லை என்பது என் எண்ணம்.

1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். அதன்பின் மூக்கை நம்பிய சுகாதாரப் பணிக்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. 1899இல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் நிலையம் அதற்கு விடையானது. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரைத் தாங்கிய அந்த நிலையம் அம்மைப்பால் தயாரிப்பில் தொடங்கி, தண்ணீர்ப் பரிசோதனைக்கும் இடமாயிற்று. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர் கெட்டது என்று ஒரு தாளில் எழுதித் தர முடிந்தது. 1914இல் ஜே. டபிள்யூ. மேட்லி வடிவமைத்த கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் மணல் வடிகட்டிகளோடு இயங்கத் தொடங்கியது. பாதாளச் சாக்கடையும் அதே ஆண்டுகளில் பரவியது. தண்ணீர் உள்ளே வரும் வழியும் கழிவு வெளியே போகும் வழியும் பொறியாளர் கையில் இருந்தன. அவை சரியாக இருக்கின்றனவா என்று சொல்லும் உரிமை சுகாதார அலுவலரிடம் இருந்தது. ஒரே நிறுவனத்தின் இரண்டு துறைகள் என்பதால் சண்டை போட்டாலும் ஒரே மேசையில் போட வேண்டியிருந்தது.

1919 அரசியல் சீர்திருத்தத்துக்குப் பின் பொதுச் சுகாதாரம் இந்திய அமைச்சர்கள் பொறுப்புக்கு வந்தது. ஏ. ஜே. எச். ரஸல் பொதுச் சுகாதார இயக்குநராக இருந்த 1920களில் மாவட்டந்தோறும் சுகாதார அலுவலர் என்ற அமைப்பு வேர்பிடித்தது. இதன் உச்சம் 1939ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம், அதாவது சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. இந்திய மாகாணங்களில் இப்படி முழுமையான சட்டம் முதலில் வந்தது இங்கேதான்.

இந்தச் சட்டத்தைப் படிப்பவருக்கு அதன் விரிவு வியப்பூட்டும். குடிநீர், வடிகால், கழிப்பிடம், தொல்லை நீக்கம், தொற்றுநோய், பால்வினை நோய், தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, கட்டடங்கள், நாற்றமடிக்கும் தொழில்கள், உணவு, திருவிழா என ஒன்றன்பின் ஒன்றாக அத்தியாயங்கள். வீட்டுக்குள் நுழைந்து பார்க்கவும், மூடாத கிணற்றை மூடச் சொல்லவும், தேங்கிய நீரை வடிக்கச் சொல்லவும், செய்யாவிட்டால் தானே செய்து செலவை வசூலிக்கவும் உள்ளாட்சிக்கும் அதன் சுகாதார அலுவலருக்கும் அது அதிகாரம் தந்தது. திருவிழாவுக்கென்று தனி அத்தியாயம் வைத்தது தமிழகத்தை அறிந்தவர்கள் செய்த காரியம். மகாமகமும் ஆடிப்பெருக்கும் காலரா பயணிக்கும் பாதைகளாகவும் இருந்தன. கூட்டம் கூடும் ஊரில் தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது சட்டக் கடமையானது.

அதிகாரத்தைவிட முக்கியமானது பணம். நகராட்சி ஒவ்வொன்றும் அரசு மானியம் நீங்கலான தன் வருவாயில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமலும், மாவட்டக் கழகம் 12.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் பொதுச் சுகாதாரத்துக்கென ஒதுக்கிவைக்க வேண்டும் என்று சட்டம் எழுதிவைத்தது. சுகாதாரம் விருப்பச் செலவாக இருக்கக் கூடாது என்ற தெளிவு அதில் இருந்தது. இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கும் அந்தப் பிரிவை எத்தனை நகராட்சி வரவுசெலவுத் திட்டங்கள் தலைவணங்கிப் பின்பற்றுகின்றன என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும்.

இத்தனை ஆவணங்களிலும் பெயரோடு வருபவர்கள் மருத்துவர்களும் பொறியாளர்களும்தான். எடுப்புக் கக்கூஸிலிருந்து மலத்தை அள்ளிக் கூடையிலும் வண்டியிலும் கொண்டுபோனவர்கள், சாக்கடையில் இறங்கி அடைப்பெடுத்தவர்கள், விடியுமுன் தெருக் கூட்டியவர்கள் எல்லாம் எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சென்னையில் அவர்களுள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் மிகுதி. நகரம் கிருமிக் கோட்பாட்டை ஏற்ற பிறகும் அந்தக் கிருமியைத் தொடும் வேலை சாதியின் வழியே பங்கிடப்பட்டது. கைகளால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்தன. ஆனாலும் செப்டிக் டேங்கில் இறங்கி மூச்சடைத்து இறப்பது நிற்கவில்லை. சுற்றுச்சூழல் நலப் பணியின் வரலாறு என்று எழுதினால், அப்பணியைச் செய்தவரின் உடல்நலம் அதற்குள் கடைசிவரை சேரவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

விடுதலைக்குப் பின் பொறுப்புகள் பிரியத் தொடங்கின. 1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. அப்போதைக்கு உணவு ஆய்வாளர் உள்ளாட்சியோடுதான் இருந்தார். பெரிய திருப்பம் 1970களில் நேர்ந்தது. போலி மஸ்டர் ரோல் (பணியாளர் வருகைப் பதிவேடு) ஊழலைக் காரணம் காட்டி 1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். இடைப்பட்ட ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகளில் நகருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் 1978இல் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் பிறந்து, தண்ணீரையும் சாக்கடையையும் மாநகராட்சியிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1982இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. நகர எல்லைக்கு வெளியே ஏரிகளைத் தேடிப் போக வேண்டிய காலத்தில் தனி வாரியம் என்பதற்குப் பொறியியல் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எதிர்த்துக் கேட்க மன்றம் இல்லாத நேரத்தில் அது நடந்ததால், சுகாதார அலுவலரின் மேற்பார்வை உரிமை என்ன ஆகும் என்ற கேள்வி உரக்க எழவேயில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது உணவும் தனித் துறைக்குப் போனது. குப்பை மாநகராட்சிக்குள்ளேயே வேறு துறையாயிற்று.

மிஞ்சியது கொசு. அதிலும் ஒரு முரண் உண்டு. சென்னையின் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், வீட்டுக்குள் சேமித்த நல்ல தண்ணீரை விரும்பும். பல பகுதிகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் நகரில் டிரம்மும் பிளாஸ்டிக் குடமும் சின்டெக்ஸ் தொட்டியும் இல்லாத வீடு கிடையாது. குழாயில் எப்போது தண்ணீர் விடுவது என்பதை வாரியம் முடிவுசெய்கிறது. அந்த முடிவால் நிரம்பும் டிரம்களில் புழு தேடி மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் வீடுவீடாக ஏறி இறங்குகிறார். கையில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் கரைசல், டார்ச் விளக்கு. பலருக்கு ஒப்பந்தக் கூலி. தெருக்குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பதைச் சுகாதார ஆய்வாளர் கண்டுபிடித்தாலும், குளோரின் கலக்கும் கை அவருடையது அல்ல. 1992இன் பிற்பகுதியில் ஓ139 என்ற புதிய காலரா வகை முதலில் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. தண்ணீரும் நோயும் இரு வேறு அலுவலகங்களாகி அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாநில அளவில் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல மாநிலங்கள் பொதுச் சுகாதாரத்தை மருத்துவமனை நிர்வாகத்தோடு கரைத்துவிட்டபோது, தமிழகம் பொதுச் சுகாதார இயக்குநரகத்தைத் தனியாகக் காத்தது. மோனிகா தாஸ் குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட கட்டுரை இதையே தமிழகத்தின் பலமாகச் சுட்டியது. 2004 சுனாமிக்குப் பின் கடற்கரை முகாம்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் எழாமல் பிளீச்சிங் பவுடரோடும் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டிகளோடும் சுற்றியவர்கள் அந்த அமைப்பின் ஆட்கள்.

1939ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வு பெறவில்லை. 2017 டெங்குக் காலத்தில் கொசுப்புழு இருந்த வீடுகளுக்கும் கட்டுமான இடங்களுக்கும் அதன்கீழ்தான் அறிவிப்புகள் போயின. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில் அதற்கு அவசரச் சட்டத் திருத்தம் வந்தது. முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500, விதி மீறும் கடைகளுக்கு 5,000 என அபராதம் நிர்ணயிக்கப்பட்டது. தனிமனிதர் கட்ட வேண்டிய தொகை இப்படிப் புதுப்பிக்கப்பட்டது. உள்ளாட்சி ஒதுக்க வேண்டிய 30 விழுக்காட்டைப் பற்றி அந்தத் திருத்தத்தில் ஒரு வரியும் இல்லை.