படைவீரர் பணிப்பதிவேட்டுப் பிழைத் திருத்தம்

ராணுவத்தில் பணியாற்றியவரின் பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், மனைவி மக்கள் விவரம், பிறந்த தேதி ஆகியவை படை ஆவணங்களில் தவறாக ஏறியிருந்தால் அவற்றைச் சரிசெய்துகொள்ளும் நடைமுறை இது. மூல ஆவணங்கள் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. அங்கிருந்து போகும் விவரத்தை வைத்து, பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையை வழங்குகிறது. வீரர் வீட்டுக்குக் கொண்டுவருவது டிஸ்சார்ஜ் புக். இவற்றில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகாதது பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தெரியாமலே கிடக்கும். கணவர் இறந்து, மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் நாளில்தான் அது தடையாக எழுந்து நிற்கும்.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இந்தப் பிழைகளுக்கு மண்ணோடு சேர்ந்த காரணங்கள் உண்டு. இங்கே பெயர்கள் கோயிலிலிருந்து வருகின்றன: குற்றாலநாதரால் குற்றாலிங்கம், தென்காசி உலகம்மனால் உலகம்மாள், ஊர்க்காவல் தெய்வங்களால் இசக்கியம்மாள், சுடலைமுத்து. ‘குற்றாலிங்கம்’ என்பதில் உள்ள ‘ற்ற’வுக்கு ஆங்கிலத்தில் எழுத்தில்லை. ஒருவர் இரண்டு ‘டி’ போடுவார், இன்னொருவர் ‘டி’யும் ‘ஆரு’ம் போடுவார், ஆளின் பெயர் ‘கே’யில் தொடங்க, ஊரின் பழைய ஆங்கிலப் பெயர் ‘சி’யில் தொடங்கும். இசக்கியம்மாளின் ‘அம்மாள்’ ஓரிடத்தில் உதிர்ந்துபோகும். தலைப்பெழுத்தாக நிற்க வேண்டிய தந்தை பெயர், குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்து மகனுடைய பெயராகிவிடும். ஊர் விவரமும் அப்படித்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பிறகு திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. அந்த மாவட்டம் 1986-இல் நெல்லை கட்டபொம்மன் பெயரைத் தாங்கி, 1997-இல் பழைய பெயருக்குத் திரும்பியது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. ஒரே வீட்டில் குடியிருப்பவரின் ஆவணங்கள் நான்கு விதமாகப் பேசுவதில் வியப்பில்லை. பிறந்த தேதியில் இன்னொரு சிக்கல், ஜாதகத்தில் எழுதும் கொல்லம் ஆண்டு. அந்த ஆண்டு ஆவணியில் பிறப்பதால், மார்கழி நடுவரை 824-ஐயும், அதன்பின் 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1131 தை மாதம் பிறந்தவர் 1956-இல் பிறந்தவர். 824-ஐக் கூட்டிவிட்டால் அவருக்கு ஒரு வயது ஏறிவிடும்.

பணியில் இருக்கும்போது திருத்தம் எளிது. திருமணம், குழந்தைப் பிறப்பு போன்றவை யூனிட்டில் ‘பார்ட் டூ ஆர்டர்’ ஆக வெளியாகி ரெக்கார்டில் ஏறும். ஓய்வுக்குப் பின் மனு, நோட்டரி முன் எடுத்த அபிடவிட், ஆதார், பள்ளிச் சான்று, தேவைப்பட்டால் நாளிதழ் விளம்பரம் எனச் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால் பிரயாக்ராஜிலிருந்து திருத்திய பி.பி.ஓ. வரும். இப்போது ‘ஸ்பர்ஷ்’ இணைய முறையில் ஓய்வூதியம் வழங்கப்படுவதால், முன்பு வங்கிக்காரர் ஆளைப் பார்த்து விட்டுக்கொடுத்த எழுத்து வேறுபாட்டையும் கணினி விட்டுக்கொடுப்பதில்லை.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, நிரூபிக்கும் சுமை யாருடையது என்பது. பதிவேட்டை எழுதியவர் எழுத்தர், வைத்திருப்பது அலுவலகம், அலைவது மட்டும் எழுபது வயதுப் பெண்மணி. ஆளை அடையாளம் காண ராணுவத்திடம் பெயரைவிட உறுதியான ஒன்று இருக்கிறது. சேர்ந்த நாளில் தரும் ராணுவ எண், எழுதும்போது தவறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எழுத்தோடு வருகிறது. டிஸ்சார்ஜ் புக்கில் அங்க அடையாளங்களும் இருக்கின்றன. எண்ணும் அடையாளமும் பொருந்தும்போது, ‘அம்மாள்’ விட்டுப்போனதற்காகக் குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்திவைப்பது நியாயமாகாது. அத்தகைய பிழையை அலுவலகமே தன் ஆவணங்களை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

இப்படித் தளர்த்தினால் ஆள்மாறாட்டம் பெருகும் என்பார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் ஆள்மாறாட்டம் செய்பவர் ஆவணத்தில் உள்ளபடியே பெயரை எழுதிக்கொண்டு வருவார். எழுத்து மாறி நிற்பது உண்மையான குடும்பம்தான். பிறந்த தேதியை இதோடு சேர்க்கலாமா என்பது வலுவான மறுப்பு. சேர்க்கக் கூடாது. தேதி மாறினால் பணிக்காலமும் பதவி உயர்வும் மாறும். ஜெனரல் வி.கே. சிங் வழக்கில் ராணுவத்தின் ஒரு கிளை 1951 என்றும் இன்னொரு கிளை 1950 என்றும் பதிந்திருந்தன. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தன் முன் இருப்பது உண்மையான பிறந்த தேதி பற்றிய கேள்வியல்ல, பதிவில் ஏற்கப்பட்ட தேதி பற்றியது என்றது. மனு திரும்பப் பெறப்பட்டது. தரைப்படைத் தலைவருக்கே அந்த நிலை என்றால், ஓய்வுபெற்ற சிப்பாய் ஜாதகத்தைக் காட்டித் தேதியை மாற்ற முடியாது. எழுத்துப் பிழையையும் அதே கண்டிப்போடு நடத்துவதுதான் தவறு.

காலம் கடந்து கேட்பவர்களுக்கும் வழியுண்டு, இழப்போடு. 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் அமர்வு இருக்கிறது. தர்செம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், ஓய்வூதிய மறுப்பைத் தொடரும் தவறாக ஏற்றுக்கொண்டு, நிலுவையைப் பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தியது. பிழை அலுவலகத்துடையது என்று தெரிந்த இடத்தில் இந்த வரம்பு கடுமையானது. அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த பதிவுத் திருத்த வாரியங்கள், பிழையைக் கண்டறிந்த நாளிலிருந்துதான் மூன்று ஆண்டு எண்ணுகின்றன. நீதிக்காக அதையும் தளர்த்த முடியும். நமக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

தென்காசி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர்கள் பி.பி.ஓ.வை எடுத்து, அதில் மனைவியின் பெயரை ஆதாரோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இந்த மாதமே மனுக் கொடுங்கள். இன்று உங்கள் கையெழுத்தோடு போகும் மனுவை, நாளை அவர் தனியாகச் சுமக்க வேண்டாம்.